வார்ஹாமரில் நகர்வையும் பேஸ் அளவையும் சரியாக அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேசைமேல் மினியேச்சர் படைகளை நகர்த்தி ஆடும் டேபிள்டாப் வார்கேம்களில் எழும் வாக்குவாதங்களைக் கூர்ந்து கவனித்தால், பல கடைசியில் அரை அங்குலத்தில் வந்து நிற்கும். அந்த அரை அங்குலம் பெரும்பாலும் பேஸிலிருந்து வருகிறது. மினியேச்சரின் காலடியில் இருக்கும் தட்டுக்கும் அகலம் உண்டு. அளக்கும்போது ஒருவர் அந்த அகலத்தைத் தன் நகர்வோடு சேர்த்துக்கொள்கிறார், எதிரில் நிற்பவர் சேர்ப்பதில்லை. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் 2023இல் வந்த பத்தாம் பதிப்பை வைத்து, பேஸை அளப்பது முதல் சுவரைச் சுற்றி வண்டியை நகர்த்துவது வரை இங்கே பார்க்கலாம். சதுர பேஸ் விளையாட்டுகளில் கணக்கு வேறு என்பதால், கடைசியில் ஓல்டு வேர்ல்டு பற்றியும் சொல்லியிருக்கிறோம்.

பேஸ் மில்லிமீட்டரில், தூரம் அங்குலத்தில்

முதல் சிக்கல் இதுதான்: பேஸ்களை மி.மீ. கணக்கில் விற்கிறார்கள், விதிகளோ அங்குலத்தில் பேசுகின்றன. 1 அங்குலம் என்பது 25.4 மி.மீ. ஆகவே 25 மி.மீ. பேஸ் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அடிக்கடி தேவைப்படும் மாற்று அளவுகள் இவை (அடைப்புக்குறிக்குள் அந்த பேஸில் வரும் ஒரு மாடல்):

25 மி.மீ. = 0.98 அங்குலம்
28.5 மி.மீ. = 1.12
32 மி.மீ. = 1.26 (ஸ்பேஸ் மரைன் இன்டர்செஸ்சர்)
40 மி.மீ. = 1.57 (டெர்மினேட்டர்)
50 மி.மீ. = 1.97
60 மி.மீ. = 2.36 (பழைய பெட்டி வடிவ டிரெட்நாட்)
90 மி.மீ. = 3.54 (ரிடெம்டர் டிரெட்நாட்)
105 × 70 மி.மீ. நீள்வட்டம் = 4.13 × 2.76 (கார்னிஃபெக்ஸ்)
170 × 109 மி.மீ. நீள்வட்டம் = 6.69 × 4.29 (இம்பீரியல் நைட்)

இவற்றில் 32, 40, 60 மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மற்றவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கையில் உள்ள பேஸ் எந்த அளவு என்று தெரியவில்லையா? வெர்னியர் காலிப்பரால் பேஸின் அடிவிளிம்பை அளக்க வேண்டும். சிட்டாடல் (வார்ஹாமர் நிறுவனத்தின் பிராண்டு) பேஸ்களின் பக்கம் சரிவாக இருக்கும், மேல்விட்டம் அடிவிட்டத்தைவிடச் சிறியது. மேலே அளந்துவிட்டு 32 மி.மீ. பேஸை வேறு ஏதோ அளவு என்று நினைப்பவர்கள் நிறைய. எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகையில் வெட்டிய பேஸ்களுக்குப் பக்கம் செங்குத்தாக இருப்பதால் எங்கே அளந்தாலும் ஒன்றுதான்.

காலிப்பர் இல்லையென்றால் அளவுவட்டங்களை ஏ4 தாளில் அச்சிட்டு அதன்மேல் பேஸை வைத்துப் பார்க்கலாம். அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். அதே தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள். கோடு 97 மி.மீ. வந்தால் வட்டங்களும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கும். 3 சதவீதச் சுருக்கத்தில் 60 மி.மீ. வட்டம் 58 மி.மீ. ஆகிவிடும்.

பழைய மாடல்களில் இன்னொரு கவனம் வேண்டும். ஸ்பேஸ் மரைன்களும் ஆர்க் பாய்ஸும் முன்பு 25 மி.மீ. பேஸில் வந்தவை, இப்போது 32. இது பார்வைக்கான வேறுபாடு மட்டும் இல்லை. 60 மி.மீ. பேஸில் நிற்கும் டிரெட்நாட்டைச் சுற்றி 32 மி.மீ. பேஸ்கள் எட்டுதான் தொட்டு நிற்க முடியும். 25 மி.மீ. பேஸ்கள் பத்து நிற்கும். அதாவது கைகலப்பில் இரண்டு பேர் கூடுதல். எனவே பழைய படையோடு விளையாட உட்காரும்போது பேஸ் அளவை முதலிலேயே எதிராளியிடம் சொல்லிவிடுவது நல்லது. போட்டிக்குப் போவதாக இருந்தால் பேஸை மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவதற்கு எளிய வழி, 25 மி.மீ. பேஸைச் சுற்றி மாட்டும் 32 மி.மீ. வளையம். முதலில் பசை போடாமல் மாட்டிப் பாருங்கள். பேஸ் வளையத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்தால் மாடலும் சாயும். சரியாக அமர்ந்த பிறகு நாலைந்து இடங்களில் சூப்பர் குளூ வைத்து, காய்ந்ததும் இடைவெளியை எபாக்ஸி புட்டியால் நிரப்பி, அது இறுகிய பின் மணலும் பெயின்ட்டும். புட்டி வளையத்தின் வெளிவிளிம்பைத் தாண்டி வழியவே கூடாது. அரை மி.மீ. வழிந்தாலும் பேஸோடு பேஸ் தொடும் இடத்தில் மாடல் தள்ளி நிற்கும்.

அளக்கும் கருவிகள்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இஞ்ச் டேப் போதும், ஆனால் அதன் முனையில் இருக்கும் கொக்கியைப் புரிந்துகொள்ள வேண்டும். அது தளர்வாக ஆடுவது பழுது அல்ல. கொக்கியின் தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகரும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்: மாட்டி இழுத்தாலும் முட்டித் தள்ளினாலும் சரியான அளவு வரவேண்டும் என்பதற்காக. வார்கேமில் பேஸில் மாட்டி இழுத்தால் மாடல் நகர்ந்துவிடும். லேசாக முட்டி வைத்தால் கொக்கி முழுதாக உள்ளே போகாமல் ஒரு மி.மீ. பிசகும். ஆகவே கொக்கியை விட்டுவிட்டு, டேப்பைப் பேஸின் பக்கவாட்டில் வைத்து 1 அங்குலக் கோட்டையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். 6 அங்குலம் வேண்டுமானால் 7இல் முடியும். துணி டெய்லர் டேப் வேண்டாம், நாளடைவில் நீண்டுவிடும்.

டேப்பைவிடக் குச்சிகள் மேல். 1, 2, 3, 6, 9 அங்குலக் குச்சிகள் ஒரு செட் இருந்தால் ஆட்டத்தின் முக்கால்வாசி அளவுகள் முடிந்துவிடும். அக்ரிலிக்கில் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கியதும் காலிப்பரிலோ எஃகு ஸ்கேலிலோ சரிபாருங்கள்: 1 அங்குலம் 25.4, 3 அங்குலம் 76.2, 6 அங்குலம் 152.4, 9 அங்குலம் 228.6 மி.மீ. வீட்டில் செய்வதென்றால் 10 மி.மீ. அகலத்தில் பிளாஸ்டிக் ஷீட் பட்டைகளை வெட்டி, முனைகளை உப்புத்தாளில் செங்கோணமாகத் தேய்த்துக் குறைத்து இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். சற்று நீளமாக வெட்டிப் பிறகு தேய்ப்பதே சரி, குறைந்துவிட்டால் திருப்ப முடியாது.

நேர்க்கோட்டு நகர்வு

1. மாடல் நிற்கும் இடத்தில், பேஸின் பின்விளிம்பைத் தொட்டபடி ஒரு பகடையை வையுங்கள். தொடங்கிய இடம் தொலையாது.
2. பேஸின் எந்த விளிம்பு போகும் திசையைப் பார்க்கிறதோ அதிலிருந்து குச்சியை நீட்டுங்கள்.
3. மாடலைக் குச்சியின் பக்கவாட்டில் நகர்த்தி, அதே முன்விளிம்பு குச்சியின் மறுமுனைக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள்.
4. எதிராளி பார்த்த பிறகு பகடையை எடுங்கள்.

மூன்றாவது படியில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. முன்விளிம்பிலிருந்து அளந்துவிட்டு, குச்சியின் மறுமுனைக்கு அப்பால் மாடலை வைப்பார்கள். பின்விளிம்பு கோட்டைத் தொடும், முன்விளிம்பு பேஸின் முழு விட்டம் தாண்டி நிற்கும். 32 மி.மீ. பேஸில் 6 அங்குல நகர்வு 7.26 ஆகிறது, 21 சதவீதம் அதிகம். 40 மி.மீ. பேஸில் 7.57. ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் போனால் ஐந்து சுற்றில் ஒரு முழு நகர்வுக்கும் மேல் இலவசமாகக் கிடைத்துவிடும். எதிராளிக்கு ஏன் தோற்றோம் என்றே புரியாது.

முன்விளிம்பில் தொடங்கினால் முன்விளிம்பில் முடியுங்கள், பின்விளிம்பில் தொடங்கினால் பின்விளிம்பில். வட்ட பேஸ் திரும்பாமல் சறுக்கும்போது அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே தூரம்தான் போகின்றன. எந்தப் புள்ளி கைக்கு வசதியோ அதை எடுத்துக்கொள்ளலாம், நடுவில் மாற்றக் கூடாது.

இரண்டு மாடல்களுக்கு இடையிலான தூரம் வேறு கணக்கு. அங்கே அருகருகான விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம்தான். பேஸ் இல்லாத வண்டிகளுக்கு உடற்பகுதியிலிருந்து அளக்க வேண்டும்.

மூலையைச் சுற்றிப் போகும்போது

வளைந்த பாதையை நேர்த்துண்டுகளாகப் பிரித்துக் கூட்டுவார்கள். சுவர் ஓரமாக 2 அங்குலம் போய், அந்தப் பக்கம் 2 அங்குலம் திரும்பி வந்தால் மொத்தம் 4 என்று எழுதிவிடுவார்கள். சுவரின் முனையைச் சுற்றிய தூரம் காணாமல் போய்விடும்.

பேஸ் சுவர் முனையைத் தொட்டபடி சுற்றும்போது அதன் மையம் ஓர் அரைவட்டத்தில் போகிறது. அந்த அரைவட்டத்தின் ஆரம் பேஸின் ஆரம். மெல்லிய சுவரை முழுதாகச் சுற்றி மறுபக்கம் வருவதற்கு மட்டும் 40 மி.மீ. பேஸுக்கு 2.47 அங்குலம், 60 மி.மீ. பேஸுக்கு 3.71, 90 மி.மீ. பேஸுக்கு 5.57 அங்குலம் செலவாகும். ரிடெம்டர் டிரெட்நாட்டின் நகர்வு 8 அங்குலம். இடிந்த கட்டடத்தின் சுவர் முனையைச் சுற்றினால் அதற்கு 2.4 அங்குலமே மிஞ்சும். காலாட்படை அந்தச் சுவரை ஊடுருவிப் போகலாம் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பெரிய மாடல்களை எங்கே நிறுத்துவது என்று முதல் சுற்றிலேயே யோசிக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

மேசையில் இதை அளக்க எளிய வழி: அதே அளவுள்ள காலி பேஸ் ஒன்றைப் பாதையில் வைத்து, அதன் மையம் போகும் வழியில் மெல்லிய சங்கிலியையோ நீளாத நூலையோ படியவிட்டு, பிறகு நூலை நிமிர்த்தி அளப்பது. ரப்பர் கலந்த நூல் உதவாது.

எதிரி மாடல்களுக்கு நடுவே புகுந்து போவதும் இதே வகை. சாதாரண நகர்வில் எதிரியின் 1 அங்குல எங்கேஜ்மென்ட் ரேஞ்சுக்குள், அதாவது கைகலப்பு எல்லைக்குள், போகக் கூடாது. இரண்டு எதிரிகளுக்கு நடுவில் புக, இடைவெளி 2 அங்குலத்தோடு உங்கள் பேஸ் விட்டத்தையும் சேர்த்ததைவிட அதிகம் இருக்க வேண்டும்: 32 மி.மீ. பேஸுக்கு 3.26க்கு மேல், 60 மி.மீ. பேஸுக்கு 4.36க்கு மேல். தடுத்து நிற்பவர் இதே எண்ணைத் திருப்பிப் பயன்படுத்தலாம். 60 மி.மீ. டிரெட்நாட்டைத் தடுக்க, வீரர்களை 4 அங்குல இடைவெளியில் பரப்பினாலே போதும்.

ஏற்றம், இறக்கம்

2 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள தடைகளை இல்லாததுபோல் கடந்துவிடலாம். அதற்கு மேற்பட்டவற்றில் ஏறும் தூரமும் இறங்கும் தூரமும் நகர்வில் கழியும். 6 அங்குல நகர்வுள்ள வீரர் 3 அங்குல உயர மாடிக்கு ஏறினால் கிடைமட்டமாக 3 அங்குலம்தான் மீதி.

பறக்கும் மாடல்கள் மேட்டில் தொடங்கினாலோ முடிந்தாலோ காற்றினூடே சாய்வாக அளக்கலாம். 5 அங்குலம் தள்ளி, 3 அங்குல உயரத்தில் உள்ள இடத்துக்கு நடந்து ஏறுபவருக்கு 8 அங்குலம் வேண்டும், பறப்பவருக்கு 5.83 போதும். சாய்வாக அளக்கும்போது டேப் தொய்ந்துவிடும், அதனால் விறைப்பான குச்சியே நல்லது.

நீள்வட்ட பேஸும் திரும்புதலும்

வட்ட பேஸ் நின்ற இடத்தில் சுழன்றால் எதுவும் மாறுவதில்லை. நீள்வட்டம் அப்படியல்ல. 170 × 109 மி.மீ. பேஸில் நைட்டைப் பக்கவாட்டாக நிறுத்தி, நகர்ந்த பிறகு நேராகத் திருப்பினால் முன்முனை 30.5 மி.மீ., அதாவது 1.2 அங்குலம் முன்னே பாய்கிறது. கார்னிஃபெக்ஸில் இந்த லாபம் 0.69 அங்குலம்.

இதைச் சரிக்கட்டத்தான் 2024இல் பிவட் மதிப்பு (திரும்புவதற்காகக் கழிக்கும் தூரம்) என்ற திருத்தம் வந்தது. பொதுவாக வட்ட பேஸுக்கு 0. வட்டமல்லாத பேஸில் உள்ள மான்ஸ்டர்களுக்கும் வண்டிகளுக்கும் 2 அங்குலம், வட்டமல்லாத மற்றவற்றுக்கு 1 அங்குலம். 32 மி.மீ.க்கு மேற்பட்ட வட்ட பேஸில் பறக்கும் தண்டில் நிற்கும் வண்டிக்கும் 2 அங்குலம். ஒரு நகர்வில் முதல் தடவை திரும்பும்போது மட்டும் இது கழியும், பிறகு எத்தனை தடவை திரும்பினாலும் கழிவதில்லை. இந்த விதிகள் அவ்வப்போது மாறுபவை என்பதால், ஆட்டத்துக்கு முன் அப்போதைய திருத்தத்தை இருவரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறையில், திரும்பப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லி 2 அங்குலத்தைக் கழித்துவிட்டு மீதியை அளப்பது குழப்பம் தராது. நகர்ந்து முடித்துவிட்டுக் கடைசியில் திருப்பினால், கழித்தோமா இல்லையா என்ற பேச்சு வரும்.

யூனிட்டாக நகரும்போது

பத்து மாடல் யூனிட்டில் (ஒரே குழுவாக நகரும் மாடல்கள்) முன்வரிசையை மட்டும் அளந்துவிட்டு, மீதியை அள்ளிப் பின்னால் வைப்பது வழக்கம். பின்வரிசையில் தொலைவாக நின்ற ஒருவர் இதில் 8, 9 அங்குலம் போயிருப்பார். ஒவ்வொரு மாடலுக்கும் அதன் நகர்வுதான் எல்லை. அதிகத் தூரம் போக வேண்டிய மாடலை முதலில் அளந்து வைத்துவிட்டால் மற்றவற்றை ஓரளவு கண்ணாலேயே வைக்கலாம்.

யூனிட் சிதறாமல் இருக்க, ஒவ்வொரு மாடலும் இன்னொன்றுக்கு 2 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஏழு அல்லது அதற்கு மேல் மாடல்கள் இருந்தால் இரண்டு மாடல்களுக்கு 2 அங்குலத்துக்குள். 32 மி.மீ. பேஸில் ஐந்து மாடல்களை 2 அங்குல இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால் நீளம் 14.3 அங்குலம். பத்து மாடல்களை அதேபோல் நீட்டினால் 30.6 வரும், ஆனால் அது விதிமீறல். ஓரத்து மாடலுக்கு இரண்டு துணை வேண்டும், நடுவில் நிற்பவரின் பேஸே 1.26 அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. எனவே இரு ஓரங்களிலும் கடைசி மூன்று மாடல்களுக்கு இடைப்பட்ட இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து 0.74 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சரியாகச் செய்தால் கிடைக்கும் அதிக நீளம் ஏறத்தாழ 24 அங்குலம். 40 மி.மீ. பேஸில் அந்த 0.74 என்பது 0.43 ஆகச் சுருங்கும், ஓரத்து மூவரும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்க வேண்டியிருக்கும்.

9 அங்குலமும் 3 அங்குலமும்

டீப் ஸ்ட்ரைக்கில் (ஆட்டத்தின் நடுவில் மேசைக்கு வெளியிலிருந்து) இறங்கும் மாடல்கள் எல்லா எதிரிகளிடமிருந்தும் 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 'மேல்' என்ற சொல்லில் ஆட்டமே இருக்கிறது. சார்ஜ் செய்பவர் (இரண்டு பகடையில் விழும் கூட்டுத்தொகை அளவு அங்குலம் பாய்ந்து தாக்குபவர்) 1 அங்குலத்துக்குள் வந்தால் போதும் என்பதால், சரியாக 9இல் நின்றுவிட்டால் பகடையில் 8 விழுந்தாலே சேர்ந்துவிடுவார். விதிப்படி 9ஐ மயிரிழை தாண்டி நின்றால் 9 விழ வேண்டும். இரண்டு பகடையில் 8 அல்லது மேல் விழ 41.7 சதவீத வாய்ப்பு, 9 அல்லது மேல் விழ 27.8. ஒரு மயிரிழையில் 14 சதவீதம்! 9 அங்குலக் குச்சியை இரண்டு பேஸ்களுக்கும் நடுவில் வைத்து, இருபுறமும் சேர்த்து அது சற்று ஆடும்படி இடம் விடுங்கள். குச்சி இறுகினால் இன்னும் தள்ளி நில்லுங்கள். "9க்கு மேல்தான் வைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, எதிராளி ஒப்புக்கொண்ட பிறகு கையை எடுங்கள். பின்னால் யாராவது தெரியாமல் தட்டிவிட்டாலும் அந்த ஒப்புதல் செல்லும்.

தடுப்பவருக்கு: உங்கள் இரு மாடல்களை இணைக்கும் கோட்டில் 32 மி.மீ. பேஸ் எதிரி இறங்க வேண்டுமானால் விளிம்புக்கு விளிம்பு 19.26 அங்குலத்துக்கு மேல் இடம் வேண்டும். ஆனால் அது அந்தக் கோட்டுக்கு மட்டும். கோட்டிலிருந்து விலகிப் போகப் போக இரு வட்டங்களுக்கும் இடையில் இடம் விரியும். 19 அங்குல இடைவெளியில் இருவரை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே மூடிவிட்டது என்று நம்பினால், மேசை விளிம்பருகே எதிரி இறங்கிவிடுவார்.

இலக்குக் குறிகளுக்கு (புள்ளி பெறக் கைப்பற்ற வேண்டிய இடங்கள்) 40 மி.மீ. வட்டு, அதன் விளிம்பிலிருந்து 3 அங்குலம். வட்டின் மையத்திலிருந்து அளப்பவர்கள் முக்கால் அங்குலத்துக்கும் மேல் இழக்கிறார்கள். 192.4 மி.மீ. விட்டத்தில், அதாவது காம்பஸை 96.2 மி.மீ. விரித்து, கெட்டி அட்டையில் ஆறு வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். பேஸின் ஏதாவது ஒரு பகுதி அட்டையைத் தொட்டால் உள்ளே. ஆட்டம் முழுக்க டேப்பே எடுக்க வேண்டாம்.

சதுர பேஸ்: ஓல்டு வேர்ல்டு

2024 ஜனவரியில் வந்த வார்ஹாமர்: தி ஓல்டு வேர்ல்டில் வீரர்கள் அணிவகுத்து நகர்கிறார்கள். நேராகப் போவது எளிது, அணியை ஒன்றாக வைத்து நகர்த்தும் டிரேயின் முன்விளிம்பை அளந்தால் முடிந்தது. வீல் செய்வதுதான் கடினம். ஒரு முன்மூலை அச்சாக நிற்க, மறுமூலை வளைந்து போகும். அந்த வெளிமூலை போகும் தூரமே நகர்வில் கழியும்.

25 மி.மீ. பேஸில் ஐந்து பேர் அகலமென்றால் முகப்பு 125 மி.மீ., அதாவது 4.92 அங்குலம். 4 அங்குல நகர்வு முழுவதையும் செலவழித்தாலும் ஏறத்தாழ 47 பாகைதான் திரும்பும். முன்பு இருந்த 20 மி.மீ. பேஸில் அதே ஐந்து பேரின் முகப்பு 100 மி.மீ., திரும்பும் கோணம் 58 பாகை. பழைய பேஸில் விளையாடுபவர்கள் இதற்காகவே 25 மி.மீ. இடைவெளியில் குழி வெட்டிய டிரேயைப் பயன்படுத்த வேண்டும். டிரேயின் ஓர விளிம்பு பேஸாகக் கணக்கில் வராது. 2 மி.மீ. விளிம்புள்ள டிரேயை அப்படியே அளந்தால் முகப்பு 4 மி.மீ. கூடுதலாகத் தெரியும், வெளிமூலையும் தவறான இடத்திலிருந்து அளக்கப்படும். மெல்லிய தகரத் தட்டில் விளிம்பே இல்லாமல் செய்து, பேஸ்களுக்கு அடியில் காந்தம் ஒட்டினால் இந்தத் தொல்லை தீரும். வீல் செய்யும்போது உள்மூலையில் ஒரு விரலை ஊன்றி, வெளிமூலைக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துத் திருப்புங்கள். ஊன்றிய விரல் வழுக்கினால் அணி முழுதும் முன்னால் போய்விடும், அப்போது தொடக்கக் குறிக்குத் திரும்பி மறுபடி அளக்க வேண்டியதுதான்.